நீலமாகாத தட்டுகள்

மார்ச் 3

இன்று இருநூற்று நாற்பது தட்டு ஊற்றினேன். வலது கட்டைவிரலுக்கு அடியில் வழக்கமான வலி. தட்டில் ஊற்றுகிற அகார் கூழ் சீக்கிரமே இறுகப் பார்த்தது. கடைசி இருபது தட்டில் மேடும் பள்ளமும். அதைத் தனியாக அடுக்கி ‘சுமார்’ என்று எழுதி வைத்தேன். சுமார் தட்டை யாரும் எடுக்க மாட்டார்கள். அவசரம் வந்தால் அதைத்தான் முதலில் எடுப்பார்கள்.

பத்தொன்பது வருடமாக இந்த மீடியா அறையில் ஈஸ்ட்டுக்குச் சாப்பாடு தயார் செய்கிறேன். ‘எங்கம்மா கிருமிக்குச் சமையல்காரி’ என்று மகள் தோழிகளிடம் சொல்லி வைத்திருக்கிறாள். கிருமி இல்லை, பூஞ்சை, ரொட்டியை உப்ப வைக்கிற அதே ஈஸ்ட்தான் என்று திருத்தினேன். “சரி, பூஞ்சைக்குச் சமையல்காரி” என்கிறாள்.

சாயங்காலம் ஆய்வகத் தலைவர் மேடம் கதவருகில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. “நாளைக்குக் காலையில மீட்டிங். நீங்களும் வாங்க.”

என்னை மீட்டிங்குக்குக் கூப்பிட்டு எத்தனை வருடம் இருக்கும்? ஃப்ரிட்ஜ் ரிப்பேரானபோது ஒருமுறை கூப்பிட்டார்கள்.

மார்ச் 4

ஃப்ரிட்ஜ் இல்லை. இந்தமுறை நான்தான் ரிப்பேராம்.

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் பத்து நாள் கழித்து என்னையே நான் நம்ப மாட்டேன்.

போன வருடம் மேடமும் சிவிங்கியும் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். (சிவிங்கி என்றால் மேடத்தின் ஆராய்ச்சி மாணவர். கழுத்து நீளம். ஒட்டகச்சிவிங்கி என்று ஆரம்பித்து அதையும் சுருக்கியாயிற்று. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார்.) மனித உடம்பில் ஒரு புரதம் இருக்கிறது. சில ஜீன்களைப் பேசவிடாமல் பிரேக் போடுவது அதன் வேலை. ஈஸ்ட்டிலும் அதற்கு ஒரு தாயாதி உண்டு. இவர்கள் ஈஸ்ட்டின் பிரேக்கைப் பிடுங்கிவிட்டு மனிதனுடையதை வைத்தார்கள். ஈஸ்ட் ஒன்றும் சொல்லாமல் வளர்ந்தது. அடுத்தபடி, குடல் கேன்சர் கட்டியில் கிடைத்த, ஒரே ஒரு இடத்தில் மாறிப்போன பிரேக்கை வைத்தார்கள். நான் கேலக்டோஸ் என்ற சர்க்கரை போட்டு ஊற்றிய தட்டில் சாதா பிரேக் வைத்த ஈஸ்ட் நீலமாக வந்தது. கேன்சர் பிரேக் வைத்தது வெள்ளையாகவே நின்றது. நீலம் என்றால் ஜீன் திறந்திருக்கிறது. வெள்ளை என்றால் மூடியிருக்கிறது. கேன்சர் பிரேக் ஒருநாளும் விடுவதில்லை என்று கட்டுரை எழுதினார்கள். ஒரு பெரிய பத்திரிகை ஏற்றுக்கொண்டு, மே மாதம் அச்சில் வரப்போகிறது.

இதற்குள் வேறொரு ஊர் ஆய்வகத்தின் தலைவர் ஒரு கருத்தரங்கில் இதைக் கேள்விப்பட்டு, அதே ஈஸ்ட்டைக் கேட்டு வாங்கி, செய்து பார்த்து, எல்லாமே நீலமாக வருகிறது என்று கடிதம் போட்டுவிட்டார். மேடம் போன வாரம் சிவிங்கியை விட்டுத் திரும்பச் செய்யச் சொன்னார். இங்கேயும் எல்லாம் நீலம்.

“அப்போ தட்டுலதான் கோளாறு,” என்றார் மேடம். “கேலக்டோஸ் அளவு ஏறிப்போயிருக்கு. அவ்வளவுதான்.”

நிர்வாக மேனேஜரும் உட்கார்ந்திருந்தார். “ஒரு சின்ன விளக்கக் கடிதம் எழுதிக் குடுத்துட்டீங்கன்னா முடிஞ்சுது. பத்திரிகைக்கும் அனுப்பிடலாம்.”

நான் கேட்டேன்: “அப்ப ஊத்தினதும் நான்தான், இப்ப ஊத்தினதும் நான்தான். அப்ப ஊத்தினது சரி, இப்ப ஊத்தினது தப்புன்னு எப்படி முடிவு பண்ணீங்க?”

சிவிங்கி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 5

நன்றாகவே தூங்கினேன். கோபம் வந்தால் எனக்குத் தூக்கம் வரும்.

மார்ச் 7

கடிதத்தை நான் எழுத வேண்டிய சிரமம்கூட இல்லாமல் அவர்களே தட்டச்சு செய்து கொண்டுவந்து நீட்டினார்கள். ‘பிப்ரவரி 24 அன்று தயாரித்த தட்டுகளில் கவனக்குறைவால் கேலக்டோஸை இருமடங்கு சேர்த்துவிட்டேன். இதற்கு நானே பொறுப்பு.’ கீழே என் பெயர். கையெழுத்துக்கு ஒரு கோடு.

“இருமடங்குன்னு யாருக்குத் தெரியும்?” என்று கேட்டேன்.

“தோராயமாப் போட்டிருக்கு,” என்றார் மேனேஜர்.

தோராயம். நான் தராசில் இரண்டாவது தசம இலக்கம் ஆடாமல் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள். எனக்குத் தோராயமாக ஒரு குற்றம்.

“உங்க ஒப்பந்தம் இந்த மாசக் கடைசியில முடியுது. ஞாபகம் இருக்கும்ல?”

“இருக்கு சார். பத்தொன்பது தடவை முடிஞ்சிருக்கு.”

காகிதத்தை அப்படியே அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். கை நடுங்கியது. அவர் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பார்த்தால் பார்க்கட்டும்.

மார்ச் 8

வீட்டில் சொன்னேன். இவர் லிஃப்ட் மெக்கானிக். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “போட்டுக் குடுத்துட்டு வா. ஒரு காகிதம்தானே,” என்றார்.

“நீங்க பண்ணாத தப்புக்கு உங்க பேரை எழுதச் சொன்னா எழுதுவீங்களா?”

“எழுதியிருக்கேன். ரெண்டு தடவை.”

இருபத்திரண்டு வருடம் ஆகிறது கல்யாணமாகி. எனக்குத் தெரியாது. எப்போது, எந்தக் கட்டடம் என்று கேட்டேன். “அதெல்லாம் எதுக்கு இப்ப?” என்று கை கழுவப் போய்விட்டார். குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

அவர்மீது கோபமா வருத்தமா தெரியவில்லை. ஆனால் ஒன்று தெரிகிறது – இந்த வீட்டில் மூன்றாவது கையெழுத்து விழாது.

மார்ச் 10

மகள் கேட்டாள்: “நீ தப்பு பண்ணலன்னா, தட்டு ஏன்மா மாறிச்சு?”

பள்ளியில் கடைசி வருடம். கேள்வி கேட்டால் நேராக எலும்பில் போய் இறங்கும். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னேன்.

ஈஸ்ட்டுக்கு மூன்று சர்க்கரை கொடுக்கிறோம். குளுக்கோஸ்தான் அதற்கு உயிர். அது கிடைத்துவிட்டால் வேறு எதையும் திரும்பிப் பார்க்காது. கேலக்டோஸைச் செரிக்கிற ஜீன்களுக்குப் பிரேக் போட்டு உட்கார்த்திவிடும். எதற்கு வீணாக அந்தப் பாத்திரத்தைக் கழுவ வேண்டும் என்பதுபோல. குளுக்கோஸ் இல்லாமல் கேலக்டோஸ் மட்டும் இருந்தால் பிரேக் எழும்பும், ஜீன் திறக்கும், தட்டு நீலமாகும். மூன்றாவது, ராஃபினோஸ். அது பசிக்கு மட்டும். பிரேக்கும் போடாது, வண்டியையும் கிளப்பாது. அதனால் தட்டில் அதையும் சேர்ப்போம்.

“அப்போ வெள்ளையா வரணும்னா குளுக்கோஸ் இருக்கணும்,” என்றாள்.

“ஆமா.”

“அப்போ கேலக்டோஸ் கூடிப்போச்சான்னு ஏன் தேடுறாங்க? வெள்ளையா வந்த பழைய தட்டுல குளுக்கோஸ் இருந்துதான்னுல்ல தேடணும்.”

தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அந்த இடத்திலேயே நின்றேன்.

மார்ச் 11

எல்லாரும் என்னைக் கேட்டார்கள், நீ இப்போது என்ன தப்பு செய்தாய் என்று. நானும் இத்தனை நாள் அதையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 12

என் நோட்டைப் புரட்டினேன். எந்தத் தேதியில் எந்த பாட்டிலைத் திறந்தேன், எந்தத் தொகுதியில் தயாரானது என்று சொல்லும் அதன் லாட் எண் என்ன என்று நான் எழுதாத நாள் இல்லை. யாரும் கேட்டதில்லை, எழுதினேன்.

போன வருடம் ஜூன் கடைசியில் கேலக்டோஸ் தீர்ந்திருக்கிறது. நாங்கள் எப்போதும் கேட்கிற உயர்ந்த ரகம் கிடைக்க இரண்டு மாதம் ஆகும் என்று கொள்முதல் பிரிவில் சாதா ரகத்தை வாங்கித் தள்ளியிருக்கிறார்கள். ஜூலை 4: ‘புது பாட்டில். ரகம் வேறு. மேடத்திடம் சொன்னேன்.’ என் கையெழுத்துதான். சொன்னது ஞாபகமே இல்லை. அவருக்கு மட்டும் இருக்குமா?

வெள்ளைத் தட்டு ஒவ்வொன்றும் ஜூலை 4-க்கும் அக்டோபர் 30-க்கும் நடுவில் ஊற்றியது. நவம்பரில் பழைய ரகம் திரும்ப வந்துவிட்டது. பிப்ரவரி 24 தட்டு அதில்தான்.

அந்த பாட்டில் கீழ் அலமாரியில், சுவரை ஒட்டி இருந்தது. அடியில் இரண்டு ஸ்பூன் போல மிச்சம். பாட்டிலைக் கடைசிவரை சுரண்டாமல் தூக்கிப்போட எனக்கு மனசு வராது. கஞ்சத்தனம் என்று சிவிங்கி சிரிப்பார்.

மார்ச் 13

இவருக்குச் சர்க்கரை வியாதி. வீட்டில் ரத்தச் சர்க்கரை பார்க்கிற மீட்டர் இருக்கிறது. இன்று அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.

பழைய பாட்டிலில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்து, ஒரு சொட்டை மீட்டரின் சோதனைப் பட்டையில் தொட்டு வைத்தேன். மீட்டர் ஐந்து எண்ணியது. 288.

குளுக்கோஸ் இருக்கிறது.

கிருமி போக ஆவியில் அவிக்கிற ஆட்டோகிளேவ் பாட்டுக்குச் சீறிக்கொண்டிருந்தது. சந்தோஷமா? இல்லை, பயம். இது உண்மையானால் இப்போதைய தட்டு சரி, கட்டுரைதான் தப்பு. அந்தக் காகிதத்தில் நான் கையெழுத்துப் போடாமல் இருப்பதோடு முடியாது. மேடத்தின் கட்டுரையின்மேல் கை வைக்க வேண்டும். சிவிங்கியின் பட்டமும் அதில்தான் தொங்குகிறது.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஒரு நிமிடம்தான். ஆனால் யோசித்தேன், அதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 14

மாடிக்குப் போனேன். மேல்மாடியில் மனிதக் கேன்சர் செல்களை வளர்க்கிற ஆராய்ச்சியாளர், முப்பத்தைந்து வயது இருக்கும், நாங்கள் ‘மாடிக்காரி’ என்போம். மேடத்தின் குழுவில் இல்லை, அதனால் பயமில்லை. மீட்டரைக் காட்டினேன்.

“அக்கா, அவசரப்படாதீங்க. சில பட்டைங்க கேலக்டோஸையே குளுக்கோஸ்னு நெனச்சு நம்பர் காட்டும். உங்க புது பாட்டில்ல பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. காது சூடாகிவிட்டது. கீழே ஓடிப்போய்ப் புது பாட்டிலையும் அதே அளவு கரைத்துக் கொண்டுவந்தேன். அவள் முன்னாலேயே தொட்டேன். மீட்டரில் எண்ணே வரவில்லை; ‘குறைவு’ என்ற குறி மட்டும். மூன்று தடவை பார்த்தோம். பழையதில் 281, 290, 288.

“ஏமாறல அக்கா. அசல் குளுக்கோஸ்தான்,” என்றாள். பிறகு வாயில் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தாள். “ஆனா ஒண்ணு. இவ்வளவு துளி குளுக்கோஸை ஈஸ்ட் ஒரே நாள்ல தின்னு தீர்த்துடும். தீர்ந்ததும் பிரேக் எழும்பணும். சாதா ஈஸ்ட் அப்படித்தானே அதே தட்டுல நீலமாச்சு? கேன்சர் பிரேக் மட்டும் ஏன் அப்புறமும் வெள்ளையா நின்னுது?”

அந்தக் கேள்வியை நோட்டில் குறித்துக்கொண்டேன்.

நான் வாழ்க்கையில் முதல்தடவையாகக் கேன்சர் செல்லை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். அவள்தான் காட்டினாள். கூழாங்கல் பாவிய தரை மாதிரி நெருக்கமாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு. யாருடையது என்று கேட்டேன். “யாரோ ஒருத்தரோட குடல்ல இருந்து எடுத்தது அக்கா. ரொம்ப வருஷம் முன்னாடி. பேரு தெரியாது.”

“இதுல ஜீன் எல்லாம் கெட்டுப்போயிருக்குமா?”

“சிலது கெட்டிருக்கும். ஆனா பெரும்பாலும் நம்மகிட்ட இருக்கிற அதே ஜீன்தான். கண்ணுக்கும் குடலுக்கும் ஜீன் ஒண்ணுதான், எது திறந்திருக்கு எது மூடியிருக்குங்கறதுதான் வித்தியாசம். இதுல, ‘போதும், பெருகாதே’ன்னு சொல்ற ஜீன் இருக்கு. இருந்தும் மூடியே கெடக்கு.”

இருந்தும் மூடியே கிடக்கிறது. பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதுவே மனசில் ஓடியது.

மார்ச் 16

சிவிங்கியிடம் சொல்லிவிட்டேன். முகம் வெளுத்துவிட்டது.

“அக்கா, என் நாலு வருஷம்.”

“தெரியும்.”

“வெளிய சொல்லாம விட்டுட்டா?”

“அந்தக் கடிதம் போட்டவர் சும்மா விட்டுடுவாரா? அடுத்த வருஷம் இன்னொருத்தர் போடுவார். உங்க பேரு மேல இருக்கும்.”

சன்னல் பக்கம் போனார். திரும்பி வந்து, “என்ன தட்டு வேணும் சொல்லுங்க, நான் ஈஸ்ட்டைத் தயார் பண்றேன்,” என்றார். நல்ல பையன். கழுத்து மட்டுமில்லை, முதுகும் நேராகத்தான் இருக்கிறது.

மார்ச் 17

மூன்று விதம் ஊற்றினேன். ஒன்று, புது கேலக்டோஸ், சுத்தம். இரண்டு, அதே புது கேலக்டோஸில் நானே எடைபோட்டுச் சேர்த்த துளி குளுக்கோஸ். மூன்று, பழைய பாட்டிலின் மிச்சம். ஆறு தட்டுக்குத்தான் வந்தது, அதனால் மற்ற இரண்டையும் ஆறாறாகவே ஊற்றினேன். கஞ்சத்தனம் வாழ்க.

வரிசையைக் கலைத்து, தட்டின் அடியில் எண் மட்டும் எழுதினேன். எந்த எண் எது என்பது என்னிடம் உறை ஒன்றில் ஒட்டி இருக்கிறது. சிவிங்கிக்கும் தெரியாது. அவர் சாதா பிரேக், கேன்சர் பிரேக் இரண்டையும் ராஃபினோஸில் வளர்த்து, ஒவ்வொரு தட்டிலும் பாதிக்குப் பாதி இட்டார்.

மார்ச் 18

ஒரு நாள் ஆயிற்று. சில தட்டு முழுக்க நீலம். சில முழுக்க வெள்ளை. பாதிக்குப் பாதி என்று ஒன்றுகூட இல்லை. உறையைப் பிரிக்கக் கை அரித்தது. பிரிக்கவில்லை.

மார்ச் 19

காலையில் மேடத்தின் அறைக்குப் போய், “ஒரு பத்து நிமிஷம் கீழ வரணும்,” என்றேன்.

“கையெழுத்துப் போட்டாச்சா?”

“இல்ல மேடம். தட்டு பாக்கணும்.”

என்ன நினைத்தாரோ, எழுந்து வந்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் என் அறை ஸ்டூலில் உட்கார்ந்தது இன்றுதான். இன்குபேட்டரிலிருந்து தட்டுகளை எடுத்து வரிசையாக வைத்தேன். “நீங்களே படிங்க. எது எதுன்னு நான் சொல்ல மாட்டேன்.”

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். ஆறு தட்டில் இரண்டு பாதியும் நீலம். பன்னிரண்டு தட்டில் சாதா பிரேக் நீலம், கேன்சர் பிரேக் வெள்ளை. நேற்று அந்தப் பன்னிரண்டும் முழு வெள்ளை என்று சிவிங்கி சொன்னார்.

உறையைக் கொடுத்தேன். அவரே பிரித்தார். அந்த ஆறும் சுத்தமான கேலக்டோஸ். பன்னிரண்டில் ஆறு பழைய பாட்டில். மீதி ஆறு நான் குளுக்கோஸ் சேர்த்தது.

பழைய பாட்டிலையும் மீட்டரையும் நோட்டில் ஜூலை 4-ஐயும் காட்டினேன். நோட்டை ரொம்ப நேரம் பார்த்தார். ‘மேடத்திடம் சொன்னேன்.’

“சொல்லியிருக்கீங்க,” என்றார்.

“சொல்லியிருக்கேன்.”

சிவிங்கிதான் பேச்சை எடுத்தார். “மேடம், பிரேக் எப்பவும் மாட்டிக்கிட்டே இருக்குன்னு நாம எழுதினது தப்பு. குளுக்கோஸே இல்லாத தட்டுல அதை யாரும் மிதிக்கவே இல்ல, அதனால நீலமாச்சு. துளி குளுக்கோஸ் இருந்தா மிதிச்சுடுது. அதுக்கப்புறம் குளுக்கோஸ் தீர்ந்தாலும் எழும்ப மாட்டேங்குது. சாதா பிரேக் எழும்புது, இது எழும்பல.”

மேடம் பாதி வெள்ளைத் தட்டு ஒன்றை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் முகத்தில் இருந்தது ஆசை. அந்தத் தட்டை அவர் பார்த்த பார்வையில் என்மீது இருந்த கோபம், பத்திரிகை, மேனேஜர் எல்லாம் காணாமல் போயிருந்தது. அந்த ஒரு நிமிடம் அவரை எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு எழுந்து, “கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கணும்,” என்றார். “எப்படிச் சொல்றதுன்னு பாக்கறேன்.” கதவுவரை போய்விட்டார்.

நான் கேட்டேன்: “அந்தக் காகிதம் மேடம்?”

“எந்தக் காகிதம்?”

“நான் தப்பு பண்ணினதா எழுதி வெச்சிருக்கிற காகிதம்.”

“அதெல்லாம் இனிமே எதுக்கு. விடுங்க.”

விடுங்களாம். மன்னிப்பு என்ற வார்த்தை இந்தக் கட்டடத்தின் படியேறுவதே இல்லை.

மார்ச் 21

விடவில்லை. மேனேஜருக்கு எழுத்தில் பதில் கொடுத்தேன். ஐந்து வரி.

‘பிப்ரவரி 24 தட்டுகளில் பிழை இல்லை. பிழை இருந்தது ஜூலையில் வாங்கிய கேலக்டோஸில். அதை அன்றே தெரிவித்திருக்கிறேன். நோட்டின் நகல் இணைப்பு. என் பெயரில் தயாரித்த கடிதத்தைக் கோப்பிலிருந்து நீக்கி, நீக்கியதை எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.’

இவரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். “கடைசி வரி வேணுமா?” என்றார்.

“அதுதான் வேணும்.”

கொஞ்ச நேரம் கழித்து, “மேம்பாலத்துக்குப் பக்கத்துல இருக்குல்ல, அந்த எட்டு மாடி ஆபீஸ். அங்கதான் மொதத் தடவை,” என்றார். மேற்கொண்டு கேட்காமல் டீ போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 27

மேடம் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டார். அவராகவே. கடிதம் போட்டவருக்கும் எல்லாத் தட்டின் படத்தையும் அனுப்பியிருக்கிறார். அதில் ‘எங்கள் மீடியா தயாரிப்பாளர் கண்டறிந்தது’ என்று எழுதியிருப்பதாகச் சிவிங்கி காட்டினார். அது சரி. அதைச் சரி என்று சொல்ல வேண்டும்.

மேனேஜரிடமிருந்து பதில் இல்லை.

மார்ச் 31

பதில் வந்தது. ஒப்பந்தம் மூன்று மாதத்துக்கு மட்டும். ‘நடத்தையைக் கவனித்துப் பின்னர் முடிவெடுக்கப்படும்.’ காகிதம் கோப்பில் இருக்கும், நீக்குவதற்கு விதி இல்லையாம். கையெழுத்தில்லாத காகிதம்தானே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்றார் மேனேஜர்.

மேடத்திடம் போனேன். “நான் பேசினேன். மூணு மாசம் வாங்கறதுக்கே பெரும்பாடாப் போச்சு,” என்றார். நிஜமாகவே களைத்திருந்தார். “இப்போதைக்கு ஒத்துக்குங்க. அப்புறம் பாத்துக்கலாம்.”

நடத்தை. என் நடத்தையை யார் கவனிப்பது? ஜூலை 4 அன்று கவனித்தார்களா?

“வேண்டாம் மேடம்,” என்றேன். சொல்லும்வரை அதைச் சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

சிவிங்கிக்கு ஒரு மாதத்துக்கான தட்டு ஊற்றி அடுக்கி வைத்துவிட்டு, நோட்டை மேசைமேல் திறந்தபடி வைத்துவிட்டு வந்தேன். என்னதான் கோபம் என்றாலும் ஈஸ்ட் என்ன பாவம் செய்தது.

ஏப்ரல் 6

வீட்டில் இருக்கிறேன். எல்லா டப்பாவிலும் பெயரும் தேதியும் எழுதி ஒட்டிவிட்டேன். “அம்மா, தயவுசெஞ்சு வேலைக்குப் போ,” என்கிறாள் மகள்.

ஏப்ரல் 11

பயமாக இருக்கிறது. தப்பு பண்ணிட்டேனோ? மூணு மாசம் மூணு மாசம்தானே. வாங்கிட்டு வந்திருக்கலாமே. இந்த வயசுல யாரு கூப்பிடுவா.

இல்லை. திரும்ப அதே இடத்தில் நின்றாலும் அதேதான் சொல்வேன். பயம் பாட்டுக்கு இருக்கட்டும்.

ஏப்ரல் 17

மாடிக்காரி போன் செய்தாள். அவளும் சிவிங்கியும் கேன்சர் செல்லில் செய்து பார்த்திருக்கிறார்கள். அங்கே குளுக்கோஸ் இல்லை, வேறொரு சமிக்ஞை. அதைக் கொடுத்தால் பிரேக் ஆறு ஜீன்களை மூடும். பிறகு சமிக்ஞையைக் கழுவி எடுத்துவிட்டால் சாதா செல்லில் ஆறும் சில மணி நேரத்தில் திறக்கின்றன. கேன்சர் பிரேக் உள்ள செல்லில் நான்கு திறந்தன. இரண்டு திறக்கவே இல்லை.

“அந்த ரெண்டுல ஒண்ணு, ‘பெருகாதே’ன்னு சொல்ற ஜீன் அக்கா.”

“மத்த நாலு?”

“ஈஸ்ட் சொல்றதெல்லாம் மனுஷனுக்குப் பொருந்தாது. எல்லாம் பொருந்தியிருந்தா எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.” சிரித்தாள். “இதுவரைக்கும் யாரும் சமிக்ஞையைக் கழுவிட்டுப் பாக்கல. மிதிக்கறதை மட்டும்தான் பாத்துட்டிருந்தோம். எழும்புதான்னு பாக்கணும்னே தோணல.”

போனை வைத்த பிறகுதான் கேட்டிருக்கலாமே என்று தோன்றியது – அந்த பிரேக்கை எழுப்ப மருந்து வருமா என்று. கேட்டிருந்தால் ‘தெரியாது’ என்றுதான் சொல்லியிருப்பாள். பரவாயில்லை.

ஏப்ரல் 23

தெரியாத எண். எடுத்தால் கடிதம் போட்டவர். குரல் கட்டையாக, எதற்கோ சலித்துக்கொண்ட மாதிரி.

“நீங்கதானே அந்த மீட்டர் வெச்சுப் பாத்தவங்க?”

“ஆமா சார்.”

“உங்களைத் தட்டுல தப்புன்னு எழுதித்தரச் சொன்னாங்களாமே.”

“சொன்னாங்க.”

“ஏன் எழுதித்தரல?”

என்ன கேள்வி இது? “தப்பு இல்லயே சார்.”

“எங்க மீடியா ரூம்ல ஒரு வேலை இருக்கு. நிரந்தரம். வருவீங்களா?”

இவரிடம் சொன்னதும் ரயில் எத்தனை மணிக்கு, எத்தனை மணி நேரம் என்று பார்க்க ஆரம்பித்தார். ஒன்றரை மணி நேரம் போக, ஒன்றரை மணி நேரம் வர. “லிஃப்ட்டு எல்லா ஊர்லயும்தான் இருக்கு,” என்றார். மகளின் பரீட்சை முடியட்டும், வீடு மாறுவதைப் பிறகு பார்ப்போம்.

மே 5

புது இடத்தில் சேர்ந்தேன். அறை சின்னது, வெளிச்சம் அதிகம். அலமாரியில் தேதி இல்லாத பாட்டில் பதினேழு. கடிதம் போட்டவருக்கு நேரிலும் அதே சலிப்பு முகம்தான். எதையும் பாராட்டுவதில்லை, எதற்கும் கத்துவதும் இல்லை.

மே 9

சிவிங்கி செய்தி அனுப்பினார். புதுக் கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டார்களாம். பழைய அறையில் யாரும் லாட் எண் எழுதுவதில்லை என்று மேடம் சத்தம் போட்டாராம்.

மே 14

காலையில் தட்டுகளை எடுத்தால், நான் திங்கட்கிழமை ஊற்றிய நூற்றிருபதிலும் ஈஸ்ட் வளரவே இல்லை. ஒரு பொட்டுகூட. இங்கே வேலை செய்யும் மூன்று பேரின் வாரம் முழுக்க அதில் இருந்தது. அவர்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள், ஈஸ்ட் பழசாகிவிட்டதோ, இன்குபேட்டர் சூடு குறைந்ததோ என்று. யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

அறைக்குப் போய் நோட்டைப் பார்த்தேன். திங்கட்கிழமை பக்கம். லூசின் என்ற வரிக்கு எதிரே அளவு இல்லை. அந்த ஈஸ்ட்டால் தானாகச் செய்துகொள்ள முடியாதது அது ஒன்றுதான். நாம் போட்டால்தான் உண்டு. அன்றைக்கு எடைபோடப் போனபோது மகளின் போன் வந்தது, பரீட்சை எளிதாக இருந்தது என்று. திரும்பி வந்து அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன்.

ஒரு தாளை எடுத்து எழுதினேன். ‘மே 12 தட்டுகளில் லூசின் சேர்க்க மறந்துவிட்டேன். உங்கள் ஈஸ்ட்டிலும் இன்குபேட்டரிலும் கோளாறு இல்லை. பிழை என்னுடையது.’ பெயர், தேதி, கையெழுத்து. வராந்தாவில் எல்லாரும் பார்க்கிற பலகையில் குத்தினேன். கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

மதியம் கடிதம் போட்டவர் அந்த வழியாக வந்தார். நின்று படித்தார். என் அறைக்குள் தலையை நீட்டி, “நாளைக்கு மறுபடி ஊத்திடலாமா?” என்றார்.

“இன்னைக்கே ஊத்திடறேன் சார்.”

ஊற்றிவிட்டுத்தான் ரயிலைப் பிடித்தேன்.